கோயம்புத்தூர் ஷெட்டில் ஒரு ஸ்டெர்ன்டிரைவ் போட்: ஆறு வருஷ அனுபவம்

கோயம்புத்தூர்க்காரனுக்கு எதுக்குடா போட் என்று கேட்காதவர்கள் எங்கள் சொந்தத்தில் யாரும் இல்லை. கேள்வி நியாயம்தான். பக்கத்தில் கடலும் இல்லை, நொய்யலில் போட் விடுகிற அளவுக்குத் தண்ணீரும் இல்லை. ஆனாலும் 2018-ல் நானும் மச்சானும் சேர்ந்து, கொச்சியில் ஒருவர் விற்ற பழைய 19 அடி ஃபைபர் போட்டை டிரெய்லரோடு வாங்கிவிட்டோம். மெர்க்ரூஸர் 3.0 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், பின்னால் ஆல்ஃபா ஒன் டிரைவ். வருஷத்துக்கு ஐந்தாறு தடவை பாலக்காடு வழியாக இழுத்துக்கொண்டு போய் வேம்பநாட்டுக் காயலில் ஓட்டிவிட்டு, திரும்பக் கணபதியில் உள்ள எங்கள் பட்டறை ஷெட்டுக்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவோம். குதிரான் சுரங்கம் திறந்தபிறகு அந்த இழுவை பாதி லேசாகிவிட்டது. எங்கள் கையில் இதுவரை ஓடியது 212 மணி நேரம். ஆறு வருஷத்துக்கு இது ஒன்றுமே இல்லை, ஆனால் தொல்லை வந்ததே அதனால்தான் என்று புரிய ரெண்டு வருஷம் ஆயிற்று.

ஸ்டெர்ன்டிரைவ் தெரியாதவர்களுக்கு: இன்ஜின் போட்டுக்குள்ளேயே இருக்கும், ப்ரொப்பெல்லர் மாட்டிய டிரைவ் மட்டும் (அதைத்தான் கால் என்பது) பின்பலகைக்கு வெளியே தண்ணீரில் தொங்கும். வோல்வோ பென்டா 1959-ல் கொண்டுவந்த அமைப்பு, ரெண்டு வருஷம் கழித்து மெர்க்ரூஸர் வந்தது. எங்கள் இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. காயல் தண்ணீரையே கால் வழியாக உறிஞ்சி, இன்ஜினுக்குள் சுற்றவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். இத்தனையையும் செய்வது காலுக்குள் ஒளிந்திருக்கும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு ரப்பர் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்.

நான் பம்ப் கேஸிங் கடைசல் பிடித்துப் பிழைக்கிறவன், இம்பெல்லர் என்றால் எனக்கா சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. அதுதான் கவிழ்த்தது. நம் கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு, பிரைமிங் எல்லாம் வேண்டும், ஏனென்றால் அது காற்றை இழுக்காது. இந்த ரப்பர் சாமான் அப்படி இல்லை. மையம் விலகிய கிண்ணத்துக்குள் சுற்றும்போது இறக்கைகள் ஒரு பக்கம் மடங்கி, மறுபக்கம் நிமிர்ந்து, தானாகவே தண்ணீரைப் பிழிந்து இழுத்துவிடும். வண்டி நிற்கும்போதும் ஒரு பக்கத்து இறக்கைகள் மடங்கியேதான் கிடக்கும். ஐந்து மாசம் ஷெட்டில், நம் ஊர் ஏப்ரல் வெயிலில், காய்ந்துபோய் அப்படியே கிடந்தால் ரப்பர் அதே வளைவில் விறைத்துவிடும். ஓடித் தேய்வதைவிட நின்று விறைத்துப் போவதுதான் எங்களை மாதிரி ஆட்களுக்கு எமன்.

ரெண்டாவது வருஷம் மழை முடிந்து கொச்சியில் இறக்கினோம். மெதுவாகப் போனவரை ஒன்றுமில்லை. கொஞ்சம் வேகம் கொடுத்ததும் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்து, பஸ்ஸர் கத்தியது. உடனே இன்ஜினை அணைத்துவிட்டோம், அந்த ஒரு புத்தி இருந்தது. காலைச் சுற்றி ஆகாயத்தாமரை அடைத்திருக்கும் என்று மச்சான் குதித்துப் பார்த்தான், உறிஞ்சும் ஓட்டைகள் சுத்தமாகத்தான் இருந்தன. மீன்பிடி வள்ளம் ஒன்று கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்தது. ஷெட்டுக்கு வந்து காலின் கீழ்ப்பாதியைக் கழற்றினால் இம்பெல்லரில் மூன்று இறக்கைகளைக் காணோம்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். புது இம்பெல்லர் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. காணாமல் போன துண்டுகள் தண்ணீரோடு மேலே போய் எங்கேயாவது அடைத்திருக்கும். ஒன்று தெர்மோஸ்டாட் (குறிப்பிட்ட சூட்டில் திறந்து தண்ணீரை விடும் வால்வு) ஹவுஸிங்குக்குள் கிடைத்தது. மற்ற ரெண்டும் பவர் ஸ்டியரிங் கூலரின் வாயில். மூன்றையும் மேஜையில் பழைய இம்பெல்லரோடு சேர்த்துவைத்துக் கணக்குப் பார்த்தபிறகுதான் மூடினேன்.

அப்போதே ஒரு மெக்கானிக் அண்ணன் சொன்னார், "ஏனுங் தம்பி, அந்தத் தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசிருங், சூடே ஆகாதுங்." கேட்கவில்லை. அதை எடுத்தால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும். பழைய தெர்மோஸ்டாட்டை அடுப்பில் தண்ணீரில் போட்டு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 71 டிகிரி பக்கத்தில் ஒழுங்காகத் திறந்தது. (வீட்டில் பால் பாத்திரம் போச்சு என்று வாங்கிய வசவு தனி.) கார் இன்ஜினைவிடக் குறைந்த சூட்டில் இது ஓடுவதற்குக் காரணம் உப்பு. உப்புத் தண்ணீர் அதிகம் சூடானால் உள்ளே உப்பு படிந்து ஒட்டிவிடும்.

அப்புறம் கழுவும் விஷயம். ஒவ்வொரு தடவை வந்ததும் காலின் ரெண்டு பக்கத்து உறிஞ்சும் ஓட்டைகளிலும் கப் மாட்டி, ஹோஸில் நல்ல தண்ணீர் கொடுத்து பத்து நிமிஷம் ஓட்டுகிறோம். முதலில் தண்ணீர், பிறகுதான் சாவி. ஐடிலை விட்டு ஏற்றக் கூடாது. முதல் வருஷம் போர் தண்ணீரில் கழுவினேன். எங்கள் ஏரியா போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற ரகம். காயல் உப்பை எடுக்கிறேன் என்று சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டிருந்தேன். சிறுவாணித் தண்ணீரை இதற்குச் செலவழிக்க மனசு வரவில்லை. இப்போது கூரை மழைத்தண்ணீர் சம்ப்பிலிருந்து அரை எச்பி மோனோபிளாக் பம்ப் வைத்துக் கொடுக்கிறேன். பிரமாதமாக இருக்கிறது.

கழுவியதும் காலை முழுக்கக் கீழே இறக்கிவிடுகிறேன். டிரெய்லரில் வரும்போது தூக்கியே இருக்கும், அப்படியே விட்டால் உள்ளே தண்ணீர் தேங்கும், காலுக்கும் போட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகாமல் மூடும் பெல்லோஸ் ரப்பரும் ஒரே பக்கம் மடங்கிக் கிடந்து வெடிக்கும். அது கிழிந்தால் யுனிவர்சல் ஜாயின்ட், பேரிங் எல்லாம் போவதோடு போட்டே மூழ்கலாம். மூன்றாவது வருஷம் மாற்றினோம், அப்போதே காலுக்குப் போகும் ஷாஃப்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்குக்கு கிரீஸும் அடித்தோம், வேறு கதை இல்லை.

நாலாவது வருஷம் கியர் ஆயிலை வடித்தால் பால் ஊற்றின காபி நிறம். உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றினால் பின்னால் தூண்டில் நரம்பு பூணூல் மாதிரி இறுக்கமாகச் சுற்றி, ஆயில் சீலை அறுத்துவைத்திருந்தது. சீல் நம்ம ஊரில் கிடைத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இம்பெல்லரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒன்று, தீபாவளி முடிந்ததும் மாற்றிவிடுகிறேன்.

இப்போது பாக்கி இருப்பது எக்ஸாஸ்ட் எல்போ, புகை வெளியேறும் வளைவுக் குழாய். வார்ப்பிரும்பு, ஒரு பக்கம் சுடுபுகை, மறுபக்கம் உப்புத்தண்ணீர், நடுவில் ஒரே சுவர். அது ஓட்டையானால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். போன மாசம் கழற்றினேன், உள்ளே துரு ஏடு ஏடாக உரிகிறது. "நம்ம ஃபவுண்டரியிலயே ஒண்ணு ஊத்திக்கலாம் மாப்ள" என்கிறான் மச்சான். ஊற்றலாம்தான், ஊர் முழுக்க ஃபவுண்டரி. ஆனால் உள்ளே கோர் (குழாயின் உள்வெற்றிடத்துக்கு வைக்கிற மணல் அச்சு) ஒரு பக்கம் நகர்ந்து சுவர் மெலிந்தால் வெளியே தெரியாது, தெரியும்போது நடுக்காயலில் இருப்போம். கம்பெனி எல்போவுக்கே ஆர்டர் போட்டுவிட்டேன். காஸ்கெட்டும் அதோடுதான் வருகிறது. டிசம்பருக்குள் வந்தால் இறக்குவோம்.