மோட்டார்ஹோமுக்கு ஸ்டெப்னி தேடுகிறீர்களா? அரை மாதச் சம்பளத்தை விட்டவன் சொல்கிறேன், கேளுங்கள்

நேற்று ராத்திரி நடந்தது. இன்னும் ஆறவில்லை. அரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய ஸ்டெப்னி என் வண்டியில் ஏறவே ஏறாது என்பது, நடுரோட்டில் மழையில் ஜாக்கி போட்டுத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது பியட் டுகாட்டோ வேன் சேசிஸில் கட்டிய பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிக்கொண்டு ஊர் சுற்றும் வண்டி. வாங்கும்போதே ஸ்டெப்னி கிடையாது. இந்த வண்டிகள் பலவற்றில் இதே கதைதான். எடையைக் குறைக்கிறோம் என்று ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, ஒரு பசை டப்பாவையும் சின்ன கம்ப்ரசரையும் கொடுத்துவிடுவார்கள். ஆணி குத்தினால் பசை உதவும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் ஒன்றுக்கும் ஆகாது. அந்தப் பயத்தில்தான் ஸ்டெப்னி தேடினேன்.

பழைய பொருட்கள் விற்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் விளம்பரம் பார்த்தேன். படத்தில் டயர் மேல் 225/75 ஆர்16 சிபி என்று பளிச்சென்று தெரிந்தது. சிபி என்றால் மோட்டார்ஹோமுக்கென்றே செய்யும் டயர். எப்போதும் முழுப் பாரத்தோடு நிற்கிற வண்டிக்கானது. நான் தேடியதும் அதையேதான். போன் போட்டேன்.

எடுத்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுது லைட்டா, மேக்ஸியா சார்?"

அங்கேதான் விழுந்தேன். டுகாட்டோவில் இரண்டு சேசிஸ் உண்டு. லைட்டில் 15 அங்குல ரிம், ஐந்து போல்ட் துளைகளும் 118 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். மேக்ஸியில் 16 அங்குலம், வட்டம் 130. இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. இது தெரியாமல் விற்கிறவர்கள்தான் அதிகம். இவர் தானாகவே கேட்கிறாரே, தொழில் தெரிந்த மனுஷன் என்று நினைத்துவிட்டேன். மேக்ஸி என்றேன். "டயர் சைடுல இருக்கிற எழுத்தைப் படம் எடுத்து அனுப்புங்க சார், தப்பா அனுப்பிட்டா எனக்குத்தான் கெட்ட பேரு" என்றார். தரையில் படுத்துப் படம் எடுத்து அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில்: "அதே சைஸ், அதே லோடு. டயருக்கு ரெண்டு வயசுதான். கண்ணை மூடிட்டு வாங்குங்க சார்."

மூடிக்கொண்டேன். தளம் வழியாகக் கட்டினால் கமிஷன் போகும், நேராக அனுப்பினால் அதை எனக்கே குறைப்பதாகவும் சொன்னார். அரை மாதச் சம்பளத்தை நேராக அனுப்பினேன்.

நான்கு நாளில் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய சக்கரம் வந்தது. "நம்ம டயரை விடச் சின்னதா இருக்கே" என்று மனைவி சொன்னாள். காற்று அடிக்காத டயர் அப்படித்தான் தெரியும் என்று பெரிய மெக்கானிக் மாதிரி பதில் சொன்னேன். இதை எழுதும்போது அவள் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் மோசம். பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் வண்டிக்கு அடியில் இருக்கும் தாங்கியில் மாட்டிவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து, நேற்று, பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. கழற்றினேன், ஸ்டெப்னியைத் தூக்கி வைத்தேன். ஒரு போல்ட்கூட நேராக வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் 215/70 ஆர்15. ரிம்மும் லைட் வண்டியின் ரிம். சிபி என்ற எழுத்தே இல்லை. படத்தில் இருந்தது வேறு சக்கரம்.

அதன் லோடு எண் 109, அதாவது ஒரு டயர் 1030 கிலோ தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 2060. என் பின் அச்சு தாங்கும் அதிகபட்ச எடை என்று வண்டியில் எழுதியிருப்பது 2400 கிலோ. துளை பொருந்தியிருந்தால் அதை மாட்டி ஓட்டியிருப்பேன்! பொருந்தாமல் போனதே நல்லது போலிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கம் 1814. 2014-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். இதுதான் ரெண்டு வயசு டயர். மேலே நன்றாகக் கறுப்பு பாலிஷ் வேறு.

இழுவை வண்டிக்கு மூன்று மணி நேரம் காத்திருந்தபோது போனில் ஸ்டெப்னியின் கதையைப் படித்தேன், வேறு என்ன செய்ய. 1904-இல் வேல்ஸின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் உதிரிச் சக்கரம் செய்தார்களாம், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அது பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வி மாட்டுவது. போல்ட் துளைத் தொல்லையே இல்லை. கொடுத்து வைத்தவர்கள்.

காலையில் விற்றவருக்குப் போன். "வண்டில ஏதாவது மாத்தியிருப்பீங்க சார்." மாற்றவில்லை என்றேன். "அப்ப வேற போல்ட் வாங்கிப் போட்டுப் பாருங்க." துளை வட்டமே 12 மில்லிமீட்டர் சின்னதாக இருந்தால் எந்த போல்ட் வரும்? "வந்த அன்னைக்கே பாத்திருக்கணும் சார், ஆறு வாரம் கழிச்சு சொன்னா நான் என்ன பண்றது?" இதுதான் கடைசியாகப் பேசியது. பிறகு எடுக்கவில்லை. மத்தியானம் அவருடைய முகப்புப் படமும் காணவில்லை. தளத்திடம் புகார் கொடுத்தேன். முதல் பதில், உங்கள் பொறுமைக்கு நன்றி. இரண்டாவது பதில், பணம் எங்கள் வழியாக வராததால் நாங்கள் தலையிட முடியாது. மூன்றாவதாக, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

அரை மாதச் சம்பளம். இழுவை வண்டிக் கூலி தனி.

விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாக: சக்கரம் வந்த அன்றே பிரித்து, ஒரு தடவை வண்டியில் மாட்டிப் பாருங்கள். துளை வட்டத்தை அளக்க, பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளங்கள். 118-க்கு 69 மில்லிமீட்டர் சொச்சம், 130-க்கு 76 சொச்சம் வரும். 130 என்றால் மட்டும் போதாது, ரெனோ மாஸ்டர் வேனிலும் 130 உண்டு, ஆனால் அதன் நடுத்துளை பெரிது. உங்கள் சக்கரம் அலாய், ஸ்டெப்னி இரும்பு என்றால் போல்ட்டும் தனியாக வேண்டியிருக்கும், கேட்டு வாங்குங்கள். டிஓடி எண்ணைப் படத்தில் கேளுங்கள். பணத்தை நேராக அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. சாயங்காலம் அதே தளத்தில் பார்த்தேன், அதே படம், வேறு பெயரில் புது விளம்பரம். டயருக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மும், மூன்றாவது படி உடைந்த ஏணியும் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்தால் போன் போடாதீர்கள்.