ஜெர்மனி ப்ளூ கார்டு: 85,000 ரூபாய் கட்டிய கன்சல்டன்சி எப்படி?

2025-இல் ஷ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரகடத்தில் பதினோரு வருடம் டிசைன் இன்ஜினியர், விசா வேலை ஒன்றும் தெரியாது, வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, அதனால் இங்கே சென்னையிலேயே ஒரு கன்சல்டன்சியில் 85,000 ரூபாய் கட்டினேன்.

முதல் நாளே கவுன்சிலர் ஆஃபர் லெட்டரைப் பார்த்துவிட்டு, "வருடச் சம்பளம் 46,500 யூரோதான் சார், ப்ளூ கார்டு கிடைக்காது, சாதாரண வேலை விசா போடலாம்" என்றார். ப்ளூ கார்டு என்பது பட்டம் படித்த வெளிநாட்டவர்களுக்கு, குறிப்பிட்ட சம்பளம் இருந்தால் கிடைக்கும் வேலை அனுமதி. அதற்கு அந்த வருடத்துக்கான பொதுச் சம்பள வரம்பு 48,300 யூரோ என்பது உண்மைதான். ஆனால் இன்ஜினியர், டாக்டர், ஐடி மாதிரி ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கு அந்த வருடம் 43,759.80 யூரோ இருந்தாலே போதுமாக இருந்தது, அந்த நாட்டு வேலைவாய்ப்புத் துறையின் ஒப்புதல் மட்டும் கூடுதலாக வேண்டும். இதை எனக்குச் சொன்னது கம்பெனி ஹெச்.ஆர்., பணம் வாங்கியவர்கள் இல்லை. இது சின்னத் தப்பும் இல்லை. ப்ளூ கார்டில் போனால் 27 மாதத்தில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம், ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வை முடித்திருந்தால் 21 மாதத்திலேயே. சாதாரண விசாவில் போயிருந்தால் மூன்று வருடம் காத்திருக்கணும்.

அடுத்தது என் மனைவி விஷயம். ஜெர்மன் மொழியின் ஆரம்பநிலைத் தேர்வான ஏ1 பாஸ் ஆகாமல் கூடவே வர முடியாது என்று அடித்துச் சொன்னார்கள். அவள் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து மூன்று மாதம் படித்தாள். ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கோ கணவருக்கோ அந்த நிபந்தனையே கிடையாது, போனவுடன் வேலைக்கும் சேரலாம். மொழி படித்தது வீண் இல்லை, சரி. ஆனால் பரீட்சைப் பயத்தில் அவள் அழுத நாட்களை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

வெளிநாட்டுக் கல்லூரிகள், பட்டங்களின் மதிப்பைப் பட்டியலிடும் ஜெர்மன் தளமான அனாபினில் என் கல்லூரி இருந்தது, நான் படித்த பட்டம் இல்லை, அதனால் அது எந்த ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்று காட்டும் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அரசுக் கட்டணம் 208 யூரோ. இவர்கள் தனியாக 15,000 ரூபாய் வாங்கினார்கள், அப்புறம்தான் தெரிந்தது, நானே ஆன்லைனில் போட்டிருக்கலாம். விசா விண்ணப்பமும் 2025 ஜனவரியிலிருந்து ஆன்லைன்தான். கைரேகைக்கும் அசல் சான்றிதழ்களைக் காட்டவும்தான் நேரில் போகணும்.

ஒரு நல்லதையும் சொல்லியாகணும். டாக்குமென்ட் பார்க்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். டிகிரி சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நான் கவனிக்கவே இல்லை. அவர்தான் கண்டுபிடித்து, நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்க வைத்து, ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தார். ஃபைலை மட்டும் சரிபார்க்க ஒரு சின்னத் தொகை வாங்கினால் அவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆலோசனைக்காக அங்கே போகாதீர்கள். 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசுத் தளத்தில் எல்லாமே இலவசமாக இருக்கிறது, முதலில் அதைப் படியுங்கள். சண்டை போட்ட பிறகு 15,000 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள், 85,000 போனது போனதுதான்.