பிரையரா, மீர்ஷாமா? காரைக்குடியில் பழைய சுங்கான் தேடுகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்கு, ஜப்பான் தகர டப்பா, பீங்கான் சாடி என்று குவிந்து கிடப்பவற்றின் அடியில் எப்போதாவது புகையிலை புகைக்கும் சுங்கான் ஒன்று அகப்படும். இப்போது எல்லாரும் பைப் என்றுதான் சொல்கிறார்கள். செட்டிநாட்டுப் பழக்கம் வெற்றிலையும் சுருட்டும்தான். சுங்கான், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சிலோனுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்துச் சாமான்களின் வகையைச் சேர்ந்தது. கையில் எடுத்தது பிரையர் மரமா, மீர்ஷாம் கனிமமா, களிமண்ணா என்பதைப் பொறுத்துப் பார்க்க வேண்டிய குறையும் மாறும், வீட்டில் வைக்க வேண்டிய இடமும் மாறும். முதல் சுங்கான் வாங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது பிரையர். அதன் பழுதுகளில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். மீர்ஷாம் அழகில் ஒரு படி மேல், ஆனால் அதில் விழுந்த விரிசல் விழுந்ததுதான்.

பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்முடிச்சு. கோர்சிகா, சார்டினியா, கலாப்ரியா, அல்ஜீரியா பக்கம் தோண்டியெடுத்து, கட்டைகளாக அறுத்து, பல மணி நேரம் வேகவைத்துப் பிசினை வெளியேற்றி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவார்கள். சூட்டைத் தாங்கும், எளிதில் எரியாது, ஈரத்தை உறிஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் செயின்ட் குளோத் ஊரில் இந்தத் தொழில் வேர்விட்டது. மீர்ஷாம் மரமே அல்ல, செபியோலைட் என்ற மக்னீசியம் சிலிகேட் கனிமம். துருக்கியில் எஸ்கிசெஹிர் சமவெளியின் மண்ணுக்கடியில் கிடைக்கிறது. உலர்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும். ஈரமாக இருக்கும்போது கத்திக்கு இளகிக் கொடுப்பதால் தலைப்பாகைக்காரர், கழுகு நகம் என்று எதையும் செதுக்கலாம். உலர்த்தி, தேன்மெழுகில் முக்கி, தேய்த்து மெருகேற்றுவார்கள். புகைக்கப் புகைக்க அந்த மெழுகும் புகைச்சாறும் சேர்ந்து வெள்ளையை மஞ்சளாக்கி, மஞ்சளைச் செந்தேன் நிறமாக்கும். அந்த நிறத்துக்காகவே மீர்ஷாமை நாடுகிறவர்கள் உண்டு. ஆசை நியாயமானதே.

கடையில் வைத்தே சோதித்துவிடுங்கள். பிரையர் என்றால் முதலில் வாய்க்குழலைக் கழற்றிப் பாருங்கள். ஒரே பக்கமாகத் திருகியபடி மெல்ல இழுக்க வேண்டும். இறுகியிருந்தால் வலுக்கட்டாயம் கூடாது. தண்டுக்குள் செருகியிருக்கும் வாய்க்குழலின் முனை, அதாவது கழுந்து, உள்ளேயே ஒடிந்துவிடும். கழுந்து நுழையும் துளையின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். இதற்காகப் பின்வாங்க வேண்டாம். நகை வேலை தெரிந்த ஆசாரி மெல்லிய வெள்ளிப் பூண் போட்டு இறுக்கினால் பிரையர் பல்லாண்டு தாங்கும். தவிர்க்க வேண்டியது புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் உட்சுவர் கருகிக் குழிந்திருப்பதை. விரலை விட்டுத் தடவும்போது ஓரிடம் பள்ளமாகவும் நொய்ந்தும் இருந்தால் நெருப்பு மரத்தையே தின்றிருக்கிறது. வெளிப்புறத்தில் அதே இடத்தில் கருமை படர்ந்திருந்தால் சுவர் கிட்டத்தட்ட ஓட்டை. மேற்பரப்பில் இளஞ்சிவப்பாகவோ வெளிறியோ தெரியும் புள்ளிகள், மரத்தின் குழிகளை மக்குப் போட்டு அடைத்தவை. புகைக்கத் தடையில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

முத்திரை இன்னும் முக்கியம். கிண்ணத்தையும் வாய்க்குழலையும் இணைக்கும் தண்டில் அழுத்திய எழுத்துகளைச் சாய்வெளிச்சத்தில் படியுங்கள். டன்ஹில் நிறுவனச் சுங்கானில் இங்கிலாந்து என்ற சொல்லை ஒட்டி நிற்கும் சிற்றெண் செய்த ஆண்டைக் கண்டுபிடிக்க உதவும். டப்ளின் பீட்டர்சன் நிறுவனச் சுங்கானில் ‘ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்’ என்றிருந்தால் அந்த நாட்டுப் பெயர் 1922 முதல் 1937 வரை வழங்கியது. ‘ரிபப்ளிக்’ என்றிருந்தால் 1949க்குப் பிந்தையது. அதே பீட்டர்சனின் நிக்கல் பூண்களில் மூவிலை, வேட்டைநாய், வட்டக்கோபுரம் என்று மூன்று சித்திரங்கள் இருக்கும். வெள்ளி முத்திரையென்று பலர் ஏமாறும் இடம் இது. இங்கிலாந்து வெள்ளிக்கு நடந்துபோகும் சிங்கமும், சோதித்த ஊரின் குறியும் வேண்டும்: பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. வாங்கிய பின் பளபளப்புக்காகப் பித்தளை மெருகேற்றும் சக்கரத்தில் கொடுத்துவிடாதீர்கள். எழுத்து தேய்ந்துபோனால் அந்தச் சுங்கானின் வரலாறும் மதிப்பில் பாதியும் போய்விடும்.

மீர்ஷாமைப் பார்க்கும்போது கேள்வி வேறு: முழுக்கட்டியா, தூளைப் பசையோடு அழுத்தியதா, வெறும் பிசின் வார்ப்பா? பிசின் வார்ப்பில் எங்காவது அச்சுக்கோடு தெரியும். தாடி மயிர் போன்ற நுண்வேலை மழுங்கி வழவழவென்றிருக்கும். முழுக்கட்டியில் கத்தி போன தடமும் ஆங்காங்கே இயற்கையான இழையோட்டமும் காணலாம். அழுத்திய தூள் எங்கும் ஒரே சீராக இருக்கும், நிறம் திட்டுத்திட்டாக ஏறும். தண்டும் கிண்ணமும் சேரும் வளைவில் விரிசல் இருந்தால் வாங்காதீர்கள். ஒட்டலாம்தான், ஆனால் சூடேறியதும் ஒட்டு திரும்ப விடும். பழையவற்றில் எலும்புத் திருகாணியால் வாய்க்குழலை மாட்டியிருப்பார்கள். மரை தேய்ந்து வாய்க்குழல் நேராக நிற்காமல் சுற்றிப்போனால் மரையில் ஒரு சுற்று மெல்லிய காகிதம் வைத்தாலே போதும். வாய்க்குழல் யானைத் தந்தம் என்று சொன்னால் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்த வியாபாரம் குற்றம்.

சுத்தம் செய்வதில்தான் இரண்டும் நேரெதிர். பிரையர் கிண்ணத்தினுள் புகைக்கப் புகைக்கப் படியும் கரித்தட்டு இருக்க வேண்டும், ஒரு ரூபாய்க் காசின் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. மிஞ்சியதை மழுங்கிய கத்தியால் சுற்றிச் சுரண்டுங்கள். கூர்முனை அடியைக் குடைந்துவிடும். புளித்த பழைய வாடை போகக் கிண்ணத்தைப் பஞ்சால் நிரப்பி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக ஊறும் அளவுக்கு விட்டு ஒரு இரவு நிமிர்த்தி வையுங்கள். காலையில் பஞ்சு பழுப்பாகியிருக்கும். இரண்டு மூன்று முறை மாற்றி, பின் நான்கைந்து நாள் உலரவிட வேண்டும். கல்லுப்பு போடும் முறையும் உண்டு. உப்பு தண்டுக்குள் இறங்கி ஈரத்தை வாங்கி மரத்தை வெடிக்கவைப்பதால் பஞ்சே மேல். ஆல்கஹால் வெளிப்பூச்சில் பட்டால் மெருகு கரையும். மீர்ஷாமிலோ கரித்தட்டே கூடாது. கரி சூட்டில் விரிந்து, நொறுங்கும் சுவரைப் பிளக்கும். ஒவ்வொரு முறையும் ஆறிய பின் மென்காகிதத்தைச் சுருட்டித் துடைத்தால் போதும். ஆல்கஹாலும் வேண்டாம், ஊறவைப்பதும் வேண்டாம். சூடாக இருக்கும்போது கிண்ணத்தைத் தொட்டால் இளகிய மெழுகில் கைரேகை பதிந்து, நிறமேறும்போது அந்த இடம் கறையாகத் தெரியும்.

தேங்காயெண்ணெய் தடவும் யோசனை நம் வீடுகளில் தவறாமல் வரும். இரண்டுக்குமே ஆகாது. உள்ளே ஊறிச் சிக்குவாடை அடிக்கும். பிரையருக்குக் கார்னூபா மெழுகு, மென்துணியில்.

பழைய பிரையரின் வாய்க்குழல் பெரும்பாலும் எபோனைட், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் கருப்பு மங்கிப் பச்சைப் பழுப்பாகும், நாக்கில் கசக்கும். 400, 600, 1000, 2000 என்று படிப்படியாக நீர்த்தாளால் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தால் கருமை திரும்பும். சின்னம் பதித்த இடத்தைத் தேய்க்காமல் விடுங்கள். பல் பதிந்த பள்ளத்தை வெந்நீரில் காட்டினால் பெரும்பாலும் தானே எழும்பும். எபோனைட்டுக்கு வார்த்த வடிவத்துக்குத் திரும்பும் குணம் உண்டு. பள்ளத்தோடு வளைவும் நிமிரும் என்பதால் கையோடு வளைத்து ஆறவிட வேண்டும்.

இனி நம் ஊர் வானிலை. முற்றத்து வெளிச்சம் விழும் கண்ணாடி அலமாரி மீர்ஷாமுக்குப் பொருந்தும், ஆனால் நேர்வெயில் கூடாது. தேன்மெழுகு உருகுவது சுமார் 62 டிகிரியில். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் மேல்மெழுகு இளகி உறையின் வெல்வெட் ஒட்டிக்கொள்ளும். எபோனைட் வாய்க்குழலுக்கு இரண்டாங்கட்டு அறையின் இருட்டுத் தேக்குப் பெட்டிதான் இடம். வெள்ளிப் பூண் போட்டதை மட்டும் தனியாக வையுங்கள், மூடிய பெட்டியில் ரப்பரின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். ஐப்பசி கார்த்திகையில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த பிரையரின் உட்புறம் பூசணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். அந்துருண்டை, வசம்பு எதுவும் வேண்டாம், மரம் அந்த வாடையைக் குடித்துவிடும்.

களிமண் சுங்கானைப் பற்றி அதிகமில்லை. ஹாலந்தின் கௌடா, இங்கிலாந்தின் புரோஸ்லி இரண்டும் பேர்பெற்ற ஊர்கள். புகையிலை விலை உயர்ந்திருந்த தொடக்க காலத்தில் கிண்ணம் சிறிது, பிறகு பெருத்தது. அதை வைத்தே காலத்தை மதிப்பிடலாம். கையில் சுடும், விழுந்தால் தூள். பார்வைக்கு வைக்க ஒன்று போதும். மக்காச்சோளத் தக்கையில் செய்வது மலிவு, சேகரிப்புக்கு நிற்காது.

புதிதாகக் கையால் கடைந்ததை வாங்குவதானால் ஒன்றைப் பாருங்கள்: வாய்க்குழல் வழியே விட்ட பைப் கிளீனர் (பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பி) தடையின்றிக் கிண்ணத்தின் அடிமையத்தில் வந்து நிற்க வேண்டும். துளை மேலே ஏறியிருந்தால் அடியில் ஈரப் புகையிலை எரியாமல் தேங்கும். இழையழகு எவ்வளவு இருந்தாலும் இந்தப் பிழைக்கு ஈடாகாது.

புகைக்கிறவர்களுக்கு: புதுப் பிரையரை முதல் சில முறை மூன்றிலொரு பங்கு மட்டும் நிரப்பிப் பழக்க வேண்டும், ஒருமுறை புகைத்தால் ஒரு நாள் முழுக்க ஓய்வு, மழைக்காலத்தில் இரண்டு நாள். மீர்ஷாமுக்குப் பழக்கம் வேண்டியதில்லை, முதல் நாளே சுவை சுத்தம். புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் சுங்கானுக்கும் உண்டு. இழையையும் செதுக்கையும் ரசிக்கப் பற்றவைக்க வேண்டிய அவசியமில்லை.

நூறு ஆண்டு தாண்டிய சுங்கானை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைத்தால், தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நினைவில் இருக்கட்டும். முத்திரையில் உள்ள ஆண்டை அஞ்சலில் சேர்க்கும் முன்பே படித்துக்கொள்ளுங்கள்.