பாதி அறையில், பாதி திரையில்: ஏன் கைவிட்டோம்

எங்கள் தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக்குழுவில் 9 பேர். ஒரே ஊரில் இருப்பவர்கள் நாலு பேர்தான். அவர்கள் அலுவலக அறையில் கூட, மற்ற ஐவர் திரையில் சேர்வது என்று 2 வருடம் ஓட்டினோம். இப்போது 9 பேருமே அவரவர் வீட்டிலிருந்துதான். இரண்டு விதக் கூட்டத்துக்கும் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதிய செயலாளர் நான். என் ஓட்டு முழு ஆன்லைனுக்கே.

பயணம், செலவு எல்லாம் தெரிந்த கதை. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கலப்புக் கூட்டத்தைக் கெடுத்தது பக்கப் பேச்சு. அறையில் இருப்பவர்கள் தாழ்ந்த குரலில் நாலு வார்த்தை பேசித் தலையாட்டிக்கொள்வார்கள். திரையில் இருப்பவர் மியூட்டை எடுப்பதற்குள், "சரி, எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று தலைவர் அடுத்த பொருளுக்குப் போயிருப்பார். பட்ஜெட் தீர்மானம் ஒன்று அப்படித்தான் நிறைவேறியது. மினிட்ஸைப் படித்துவிட்டு ஓர் உறுப்பினர் கேட்டார்: "நான் எப்போது சம்மதித்தேன்?" என்னிடம் பதில் இல்லை. நல்ல மைக் வாங்கினோம். திரையில் இருப்பவர்களே முதலில் பேசட்டும் என்று விதி போட்டோம். அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

இப்போது எல்லோரும் ஒரே அளவு கட்டத்தில் இருக்கிறோம். தலைவர் பெயர் சொல்லிக் கருத்துக் கேட்கிறார். தீர்மான வாசகத்தை எல்லோர் கண் முன்னால் தட்டச்சு செய்து, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரையும் போட்ட பிறகுதான் வாக்கெடுப்பு. அறிக்கைகள் ஒரு வாரம் முன்பே போய்விடும். வழக்கமான விஷயங்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே வாக்கில் முடிக்கிறோம். யாராவது கேள்வி கேட்டால் அதை மட்டும் உருவித் தனியாகப் பேசலாம். இடையில் யாருக்காவது இணைப்பு அறுந்தால், கோரம் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இருக்கிறதா என்று மறுபடி தலை எண்ணிவிட்டே தொடர்வோம்.

கூட்டமே வேண்டாம், வாட்ஸ்அப்பில் 'ஓகே' வாங்கினால் போதாதா என்பார்கள். அவசரத்துக்கு உதவும், அதுவும் உங்கள் துணைவிதி (நிறுவனத்தின் உள்விதிகள்) அனுமதித்தால். ஆனால் 'ஓகே' போட்டவர் கூடவே அனுப்பிய ஆவணத்தைப் படித்தாரா, மற்றவர் எழுப்பிய சந்தேகத்தைப் பார்த்தாரா என்பது தெரியாது. ஒருவர் பேசுவதை மற்றவர்கள் அதே நேரத்தில் கேட்க முடிந்தால்தான் அது கூட்டம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஓர் உறுப்பினரை நீக்குவது, உள்சண்டையைத் தீர்ப்பது மாதிரி விவகாரம் எதையும் ஆன்லைனில் நாங்கள் நடத்தியதில்லை. வந்தால் நேரில்தான் உட்காருவோம் என்று நினைக்கிறேன். புதிதாகச் சேர்ந்த இருவர் இன்னும் கொஞ்சம் ஒட்டாமலேதான் இருக்கிறார்கள்.

எங்கள் பொருளாளருக்கு வீடியோ சரிப்படாது, சாதாரண ஃபோனில்தான் சேர்கிறார். அவருக்காகத் தீர்மானங்களை வரி வரியாக வாசிக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு மினிட்ஸில் திருத்தம் கேட்டு யாரும் எழுதவில்லை.