டிரம்ஸ் பழக ஒரு செயலி: 8 மாதம், 11 பாடல்கள்

எட்டு மாதமாக ஒரு டிரம்ஸ் பயிற்சிச் செயலிக்குச் சந்தா கட்டி வருகிறேன். பாடலைத் திறந்தால் திரையில் நோட்டுகள் நகரும், நாம் கூடவே வாசிக்கலாம், முடிந்ததும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். இதே மாதிரி வேறு செயலிகளும் இருக்கின்றன. குறைகளையும் எழுதப் போவதால் இதன் பெயரை விட்டுவிடுகிறேன். வசதிகளைப் பற்றி விளம்பரத்திலேயே படித்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான பாடல்களில் எதை முதலில் எடுப்பது என்பதுதான் எங்கும் எழுதியிருக்காது. எனக்கு அது பிடிபடவே மூன்று மாதம் ஆனது.

ஸ்டிக் பிடித்தது 39 வயதில். வீட்டில் இருப்பது எலக்ட்ரானிக் டிரம்ஸ் கிட். வாரம் ஒரு நாள் மாஸ்டரிடம் வகுப்பு, மற்ற நாட்களில் மகள் பாடம் படிக்கும் நேரத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு 40 நிமிடம் இந்தச் செயலி.

செயலி எல்லாப் பாடல்களுக்கும் 1 முதல் 10 வரை ஒரு நிலை கொடுக்கிறது. பார்த்தவரையில், வேகம் குறைவாகவும் நோட்டுகள் குறைவாகவும் இருந்தால் எளிது என்று வைத்துக்கொள்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அதை நம்பி, 2 என்று போட்டிருந்த லெட் செப்பெலினின் ‘வென் த லெவீ ப்ரேக்ஸ்’ பாடலை எடுத்தேன். 1971இல் வந்தது, ஜான் பான்ஹம் வாசித்தது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் கிட்டை வைத்து, மாடிப்படி மேலிருந்து மைக் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்த எதிரொலிக்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். நிமிடத்துக்கு 71 பீட் அளவில்தான் போகும். இதைவிட நிதானமான பாடல் வேண்டுமா என்றுதான் நினைத்தேன்.

ஐந்து வாரம் அதனோடு போராடினேன். 71 என்றால் ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் நடுவே முக்கால் விநாடிக்கு மேல் இடைவெளி. பழகாத கைக்கு அந்த இடைவெளியில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. கை பொறுக்காமல் முன்னே விழும். போதாததற்கு, அந்தப் பாடலின் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) பீட்டின் மேல் மட்டும் விழுவதில்லை, பீட்டை நான்காகப் பிரித்து இடையிலும் விழுகிறது. நோட்டு எண்ணிக்கை குறைவு என்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொன்றும் எங்கே விழ வேண்டும் என்பதில்தான் பாடலே இருக்கிறது. செயலியில் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்துப் பார்த்தேன். இடைவெளி இன்னும் நீண்டது, நான் இன்னும் தவறினேன். ஒருநாள் ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டு வாசித்தபோது மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அம்மா, அவங்க வர்றதுக்குள்ள நீ போயிடற.”

மாஸ்டர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். விஷயத்தைச் சொன்னதும் செயலியைப் பார்க்கக்கூட இல்லை. “அக்கா, இதை இப்ப விட்டுடுங்க. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வாயாலயே பாட வர்ற பாட்டு ஒண்ணு சொல்லுங்க” என்றார். பாட்டு என்று அவர் சொன்னது வரிகளை அல்ல. எத்தனை வரிக்குப் பிறகு பல்லவி திரும்பும், எங்கே இசை அடங்கும், எங்கே எகிறும் என்பது யோசிக்காமலே உடம்புக்குத் தெரிய வேண்டும். அது தெரியாத பாடலில் மூளை பாதி நேரம் ‘அடுத்து என்ன’ என்று தேடிக்கொண்டிருக்கும், கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போய்விடும்.

அப்புறம்தான் வரிசையை நானே போட்டுக்கொண்டேன். முதலில் குவீன் குழுவின் ‘வீ வில் ராக் யூ’ (1977). அந்தப் பதிவில் டிரம்ஸ் கிட்டே கிடையாது. காலால் தரையை உதைப்பதும் கைதட்டுவதும்தான் தாளம். கிட்டில் அது கிக், கிக், ஸ்னேர் (நமக்கு முன்னால் இருக்கும், சுள்ளென்று ஒலிக்கும் டிரம்), பிறகு ஓர் அடிக்கான மௌனம். செயலி இதற்கு 1 கொடுத்திருக்கிறது, அது சரி. ஒரு வாரத்துக்கு மேல் வேண்டியதில்லை, ஆனால் அந்த ஒரு வாரத்தில் மௌனத்தையும் எண்ண வேண்டும் என்பது பழகிவிடும்.

அடுத்தது த ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் ‘செவன் நேஷன் ஆர்மி’ (2003). கால்பந்து மைதானங்களில் கூட்டம் கூட்டமாகப் பாடும் அந்த மெட்டு இதில்தான் வருகிறது, அதனால் வாயில் பாடத் தெரியாதவர்கள் குறைவு. டிரம்ஸ் வாசித்தவர் மெக் ஒயிட். தொடக்கத்தில் கிக்கும் ஃப்ளோர் டாமும் (வலப்பக்கம் தரையில் நிற்கும் கனத்த ஒலியுள்ள டிரம்) ஒவ்வொரு பீட்டுக்கும் சேர்ந்தே விழும். வலது கையும் வலது காலும் ஒரே நேரத்தில் இறங்குவதுதான் புதிதாக வருபவர்களுக்கு இயல்பாக வரும் அசைவு. இந்தப் பாடல் அதை வைத்தே தொடங்கி, பிறகு ஸ்னேரைச் சேர்க்கிறது, பிறகு சிம்பல் என்ற உலோகத் தட்டைத் திறந்துவிடுகிறது. அமைதிக்கும் ஆரவாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு குறைவான அடிகளில் காட்டும் பாடலை நான் வேறு கண்டதில்லை. செயலி இதற்கு 4 போட்டிருக்கிறது, வேகம் 120ஐத் தாண்டுகிறது என்பதால் இருக்கும். 4ஐப் பார்த்து மூன்று மாதம் நான் அதைத் திறக்கவே இல்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இனி ‘பில்லி ஜீன்’. மைக்கேல் ஜாக்சனின் 1982 ஆல்பத்தில் வந்தது, டிரம்ஸ் லியோன் சான்ஸ்லர். நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார். அதில் கிக் 1லும் 3லும், ஸ்னேர் 2லும் 4லும், ஹை-ஹாட் (இடப்பக்கம் இருக்கும் ஜோடிச் சிம்பல்) ஒரு பாருக்கு எட்டு அடி. டிரம்ஸ் பழகப் போகும் எவருக்கும் முதல் அல்லது இரண்டாம் வகுப்பில் சொல்லித்தரும் பீட் இதுதான். இந்தப் பாடலில் அது முதல் விநாடியில் தொடங்கிக் கிட்டத்தட்ட 5 நிமிடம் மாறாமல் ஓடுகிறது. வேகம் 117 சுற்றி, ஆக பீட்டுக்குப் பீட் அரை விநாடிதான். அந்த அரை விநாடியின் நடுவிலும் ஹை-ஹாட் ஒரு அடி இருப்பதால் கை எதையாவது பிடித்துக்கொண்டே போகலாம். லெவீயில் நான் தவித்ததற்கு நேர் எதிர்.

ஆனால் எளிது என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டால் 140 பார் தாண்டும், ஸ்னேர் மட்டும் 280 முறை. அத்தனையும் ஒரே கனத்தில், ஒரே இடத்தில் விழ வேண்டும். முதல் நிமிடம் யாருக்கும் வரும். இரண்டாவது நிமிடத்தில் என் வலது தோள் காதை நோக்கி ஏறத் தொடங்கும். மூன்றாவதில் ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்திருப்பேன். நான்காவதில் கிக் மெலியும், ஏனென்றால் குதிகால் எப்போதோ தரையிலிருந்து எழும்பித் தொடை வலித்திருக்கும். இதையெல்லாம் எந்தப் பயிற்சிப் பாடமும் எனக்குக் காட்டியதில்லை. 16 பார் வாசித்து நிறுத்திவிடும் பயிற்சியில் உடம்பின் குறை வெளியே வராது. முழுப் பாடல்தான் அதை வெளியே கொண்டுவரும். ஆறு வாரம் தினமும் இதை ஒரு முறை முழுதாக வாசித்தேன். ஆறாவது வார முடிவில் தோள் இறங்கியே இருந்தது.

இங்கேதான் செயலியின் மிகச் சிறந்த வசதியும் உதவியது. ஒரிஜினல் டிரம்ஸை மட்டும் நீக்கிவிட்டு மற்ற இசையோடு வாசிக்கலாம். டிரம்ஸ் ஒலிக்கும்போது நாம் அதன் தோளில் சாய்ந்துகொண்டு போகிறோம், நம் தடுமாற்றம் அதன் அடியில் மறைந்துவிடுகிறது. அதை நீக்கியதும் பேஸ் கிட்டார் நம்மை நம்பி நடக்கிறது. முதல் முறை நீக்கி வாசித்த இரவில் முதல் பல்லவிக்குள்ளேயே நான் இசையை விட்டு விலகிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து முழுதாக முடித்தபோது ஹெட்ஃபோனுக்குள் பேஸும் என் கிக்கும் ஒன்றாக ஒலித்தன. அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வசதிக்காகவே சந்தா தரலாம்.

மதிப்பெண் விஷயம் வேறு. செயலி பார்ப்பது அடி சரியான பேடில், சரியான நேரத்தில் விழுந்ததா என்பதை மட்டும்தான். எவ்வளவு பலமாக விழுந்தது என்பது அதன் கணக்கில் இல்லை. ‘பில்லி ஜீன்’ பாடலில் 94 வாங்கிய அன்று ஒலியைப் பதிவு செய்து கேட்டேன். ஸ்னேரைவிட ஹை-ஹாட் சத்தமாக, தகரம் தட்டுவது போல இருந்தது. எட்டு அடிகளும் ஒரே பலம். பீட்டின் மேல் விழும் அடி கொஞ்சம் கனமாகவும் இடையில் விழுவது லேசாகவும் இருந்தால்தான் பாடல் நடக்கும், இல்லாவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும். அதைச் சரி செய்த வாரத்தில் என் மதிப்பெண் 88க்கு இறங்கியது, வாசிப்பு நன்றாக ஆனது. அதனால் புதிதாகச் சேர்பவர்கள் வாரம் ஒரு முறையாவது தங்கள் வாசிப்பைப் பதிவு செய்து கேளுங்கள். மதிப்பெண் திரையை அணைத்து வைக்கவும் வழி இருக்கிறது, அமைப்புகளுக்குள் கொஞ்சம் தேட வேண்டும்.

இன்னொரு குறை, வேகத்தைக் காட்டப் பீட்டுக்குப் பீட் ஒலிக்கும் கிளிக் ஒலியில். பழைய பாடல்கள் பலவற்றில் வேகம் இயல்பாகவே ஏறி இறங்கும். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஹாங்கி டோங்க் விமன்’ (1969) கௌபெல் என்ற மணியில் நிதானமாகத் தொடங்கி, போகப் போக வேகமெடுக்கும், காதாலேயே உணரலாம். இந்தச் செயலியோ அந்தப் பாடலுக்கு ஒரே சீரான கிளிக்கை வைத்திருக்கிறது. பாதிப் பாடலுக்கு மேல் கிளிக் ஒரு பக்கம், டிரம்மர் சார்லி வாட்ஸ் ஒரு பக்கம். யாரைப் பின்பற்றுவது என்று தெரியாமல் ஒரு வாரம் என் காலைத்தான் நொந்துகொண்டேன். இப்படிப்பட்ட பாடலில் கிளிக்கை அணைத்துவிட்டு டிரம்மரையே கேட்பதுதான் வழி. ஆனால் முதல் மூன்று மாதத்துக்கு இந்த வகைப் பாடலை எடுக்காமல் இருப்பது நல்லது. வேகம் ஏறும் பழக்கம் ஏற்கெனவே நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

ஹெட்ஃபோன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ப்ளூடூத் வேண்டாம். அதில் ஒலி காதுக்கு வந்து சேரத் தாமதமாகிறது. நீங்கள் அடித்த அடி பிந்திக் கேட்கும், கை தானாக முந்தும். வயர் உள்ளதை மாட்டிக்கொண்டு, செயலியில் இருக்கும் தாமத அளவீட்டை ஒரு முறை செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

ஃபில்களை, அதாவது பாடலின் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது வழக்கமான பீட்டை விட்டு வாசிக்கும் சின்ன அலங்காரங்களை, நான் வெகு நாள் தள்ளிப்போட்டேன், அதில் வருத்தமில்லை. ஃபில் தவறினால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஃபில் முடிந்து 1க்குத் திரும்பும்போது தாமதமானால் மொத்தப் பாடலும் தடுக்கி விழும். ஒரு பாடலில் பல்லவிக்கு முன்னால் நான்கு டாம் அடிகள், அடுத்த பாரின் முதல் பீட்டில் க்ராஷ் சிம்பல். அந்த நான்கையும் வாசித்துவிடுவேன். வலது கை டாமிலிருந்து மேலே க்ராஷுக்குப் போய், உடனே இடப்பக்கம் ஹை-ஹாட்டுக்கு வர வேண்டும். அந்தப் பயணத்தில் கிக்கை மறந்துவிடுவேன், க்ராஷ் தனியாக, அடியில் ஒன்றுமில்லாமல் ஒலிக்கும். செயலியில் இரண்டு பாரை மட்டும் வெட்டிச் சுற்றவிடலாம். அப்படி விட்டு, ஃபில்லையே வாசிக்காமல், அந்த ஒரு பார் முழுக்க மௌனமாக எண்ணிவிட்டு, க்ராஷும் கிக்கும் மட்டும் சேர்ந்து விழும்படி பழகினேன். நான்கு நாளில் பிடிபட்டது. டாம் அடிகளை அதற்குப் பிறகுதான் திரும்பச் சேர்த்தேன்.

வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒருவருமில்லாமல் இந்தச் செயலியை மட்டும் நம்பித் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை தயக்கத்தோடுதான். குதிகால் எழும்புவதையும் தோள் ஏறுவதையும் அது பார்க்காது. மாஸ்டர் இருக்கிறார், வீட்டில் கூட வாசிக்கத்தான் துணை வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கியதும் நிலை எண்ணைப் பார்க்காமல், பட்டியலில் உங்களுக்கு முழுதாகப் பாட வரும் பாடல்களைத் தேடுங்கள். அவற்றில் ஒரே பீட் தொடக்கம் முதல் முடிவு வரை போவது எது என்று காதால் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். 100 முதல் 120 வரை வேகம் இருந்தால் பயப்பட வேண்டாம், அந்த வேகம் கைக்கு நல்லது.

நான் சந்தாவை இன்னொரு வருடத்துக்கு நீட்டித்துவிட்டேன். இந்த மாதம் லெவீயை மறுபடி எடுத்திருக்கிறேன், இந்த முறை வேகத்தைக் குறைக்காமல். ஒவ்வொரு பீட்டுக்கும் வாயில் ‘தகதிமி’ சொல்லிக்கொண்டே வாசிக்கிறேன். அந்த நான்கு எழுத்தும் முக்கால் விநாடியை நிரப்பிவிடுகின்றன, கிக் எந்த எழுத்தில் விழ வேண்டும் என்று காலுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. நேற்று இரவு முதல் 24 பார் நிற்காமல் வந்தது. மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.