சவுல், யோனத்தான், தாவீது: யார் காத்திருந்தார்கள்?

தேவனுடைய நடத்துதலுக்குக் காத்திருப்பது பற்றிப் பேச்செடுத்தால், பிரசங்கிகள் முதலில் கூண்டில் ஏற்றுவது சவுல் ராஜாவைத்தான். பொறுமை இல்லாதவன், ராஜ்யத்தை இழந்தான். தாவீது விசாரித்தான், ஜெயித்தான். சாமுவேலின் முதலாம் புத்தகத்தை 13ஆம் அதிகாரத்திலிருந்து வரிசையாக வாசித்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. இங்கே சொல்லப்போகும் சம்பவங்களில் நாள் கணக்கில் காத்திருந்ததாக எழுதப்பட்டிருப்பவன் சவுல் ஒருவன்தான்.

கில்காலில் அவன் இருந்த நிலையைப் பாருங்கள். மிக்மாசில் பெலிஸ்தர் 30,000 இரதங்களோடும் 6,000 குதிரைவீரரோடும் பாளயமிறங்கியிருக்கிறார்கள். இஸ்ரவேலில் கொல்லனே கிடையாது. கொழுவைத் தீட்டக்கூடப் பெலிஸ்தரிடம் போக வேண்டும். யுத்த நாளில் பட்டயம் இருந்தது சவுலிடமும் அவன் மகன் யோனத்தானிடமும் மட்டும். ஜனங்கள் கெபிகளிலும் முட்காடுகளிலும் ஒளிகிறார்கள், சிலர் யோர்தானைக் கடந்து ஓடுகிறார்கள். 3,000 பேரைத் தெரிந்தெடுத்தவனிடம் மிஞ்சியது ஏறக்குறைய 600 பேர். இத்தனைக்கும் நடுவில் தீர்க்கதரிசி சாமுவேல் குறித்த ஏழு நாளும் உட்கார்ந்திருந்தான். நானாக இருந்தால் மூன்றாம் நாளே பலிபீடத்தில் விறகை அடுக்கியிருப்பேன்.

ஆனால் சாமுவேலின் கட்டளையில் இரண்டு பாதி உண்டு: ஏழு நாள் காத்திரு, நான் வந்து, நீ செய்ய வேண்டியதைச் சொல்வேன் (10:8). சவுல் முதல் பாதியை எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதி அவனுக்குத் தேவைப்படவில்லை. சாமுவேல் வராததைக் கண்டு சர்வாங்க தகனபலியைத் தானே செலுத்தினான். அது முடிந்த கையோடு சாமுவேல் வந்து நிற்கிறார். அப்போது சவுல் சொன்ன சமாதானத்தில் தமிழ் வேதாகமம் போட்டிருக்கும் வார்த்தை 'எண்ணித் துணிந்து'. 'எண்ணித் துணிக கருமம்' என்று குறள் படித்த காதுக்கு இது பாராட்டைப் போலக்கூட ஒலிக்கும். அந்த எண்ணத்தில் இருந்ததெல்லாம் பெலிஸ்தரும் கலைந்துபோகிற ஜனமும்தான். பலி, சண்டைக்கு முன் முடித்துவிட வேண்டிய சடங்காகிவிட்டது.

அடுத்த அதிகாரத்தில் மகன். யோனத்தான் தகப்பனிடம் சொல்லவில்லை. ஆசாரியனைத் தேடிப்போய் விசாரிக்கவும் இல்லை. ஆயுததாரியைக் கூட்டிக்கொண்டு போசேஸ், சேனே என்ற இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே போகிறான். 'ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார்' என்கிறான். அந்த 'ஒருவேளை' எனக்கு மிகவும் பிடிக்கும். எதிரியின் காவல்காரர் 'நாங்கள் வருமட்டும் நில்லுங்கள்' என்றால் நிற்பது, 'ஏறிவாருங்கள்' என்றால் ஏறுவது என்று அடையாளம் வைத்தான். ஏறிவரச் சொன்னார்கள். கையாலும் காலாலும் தொற்றி ஏறினான். ஏறக்குறைய 20 பேர் விழுந்தார்கள். பாறையடியில் நின்ற அந்தச் சில நிமிஷங்களில், நின்றுவிடவும் அவன் ஆயத்தமாக இருந்தான். தகப்பனுடைய ஏழு நாளைவிட நல்ல காத்திருப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

அதே வேளையில் சவுல் ஆசாரியன் அகியாவிடம் பேசிக்கொண்டிருக்கிறான். பெலிஸ்தரின் பாளயத்தில் அமளி ஏறுகிறது. எபிரெயத்தில் உள்ளபடி, 'உன் கையை இழுத்துக்கொள்' என்று ஆசாரியனிடம் சொல்லிவிட்டு யுத்தத்துக்கு ஓடுகிறான். நிலவரம் சாதகமானதும் கேள்வி வேண்டாமென்று ஆகிவிட்டது. நம் சபைகளிலும் 'ஜெபம்பண்ணிச் சொல்கிறேன்' என்றால் பாதி நேரம் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்றுதான் பொருள்.

சவுலுக்குத் தப்பி அலைந்த தாவீதின் கேள்விகளை, பெலிஸ்தர் தாக்கிய கேகிலா என்ற ஊரின் கதையில் (23ஆம் அதிகாரம்) பார்க்கலாம். போகலாமா என்று கேட்டான். போ என்று பதில். ஆட்கள் பயந்தார்கள், மறுபடியும் கேட்டான், கோபமான பதில் ஏதும் வரவில்லை. ஊரைப் பெலிஸ்தரிடமிருந்து மீட்டான். பிறகு ஆசாரியன் அபியத்தாரிடம், கர்த்தரிடம் விசாரிக்கப் பயன்பட்ட ஆசாரிய வஸ்திரமான ஏபோத்தைக் கொண்டுவரச் சொன்னான். சவுல் வருவானா? வருவான். இந்த ஊரார் என்னை ஒப்புக்கொடுப்பார்களா? ஒப்புக்கொடுப்பார்கள். காப்பாற்றிய ஊரே கைவிடும் என்கிற பதில் அது. ஏறக்குறைய 600 பேரோடு எழுந்து வெளியேறினான். கில்காலில் சவுலிடம் மிஞ்சியதும் இதே எண்ணிக்கைதான்.

அதற்காகத் தாவீதை மேடையில் ஏற்றிவிட வேண்டாம். என்றாவது ஒரு நாள் சவுலின் கையால் மடிவேன் என்று தன் மனதிலே யோசித்து, பெலிஸ்தரின் நாட்டுக்கே போனவனும் அவன்தான். விசாரித்ததாக ஒரு வரி இல்லை. அங்கே ஒரு வருஷமும் நான்கு மாதமும் இருந்தான். அங்கே அவன் குடியிருந்த சிக்லாகு எரிந்து, சொந்த ஆட்களே கல்லெறியலாம் என்று பேசின பிறகுதான் ஏபோத்து கதைக்குள் திரும்ப வருகிறது. அப்போது அவனுக்குப் பதில் கிடைத்தது. ஏறத்தாழ அதே நாட்களில் சவுலும் விசாரித்தான். சொப்பனத்தாலும், ஆசாரியர் தேவனிடம் விசாரிக்கும் ஊரீமாலும், தீர்க்கதரிசிகளாலும் பதில் வரவில்லை, அஞ்சனம் பார்க்கிற ஒருத்தி இருந்த எந்தோருக்குப் போய்க் கதவைத் தட்டினான். இந்த இடத்தில் எனக்குச் சவுல்மேல் இரக்கம் வராமல் இருந்ததில்லை.

பிறகு, தாவீது ராஜாவானதும் பெலிஸ்தர் வந்து பரவின ரெப்பாயீம் பள்ளத்தாக்கு (2 சாமுவேல் 5). முதல் முறை கேட்டபோது 'போ' என்று பதில், தாவீது ஜெயித்தான். அதே எதிரி, அதே பள்ளத்தாக்கில் மறுபடியும் வந்து பரவினான். பழைய பதிலையே வைத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். தாவீது கேட்டான், பதில் மாறியிருந்தது: நேராகப் போகாதே, பின்னால் சுற்றிப் போய் முசுக்கட்டைச் செடிகளுக்கு எதிரே இரு, அவற்றின் நுனிகளில் இரைச்சல் கேட்டதும் எழும்பு. முந்தின சண்டையில் வெள்ளம் உடைத்தோடுவதைப் போல் பாய்ந்த சேனை, செடிகளைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.