லேபர் பீரோ குறியீட்டெண்: பஞ்சப்படி பேசுபவர்களுக்கு ஒரு மதிப்புரை

மத்திய அரசின் லேபர் பீரோ ஒவ்வொரு மாதக் கடைசி வேலை நாளிலும் முந்தைய மாதத்துக்கான எண் ஒன்றை வெளியிடுகிறது: தொழில்துறைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 88 ஊர்களில் 317 சந்தைகளில் விலை விசாரித்துப் போடும் கணக்கு இது. பைசா செலவில்லை. வேறெதிலும் ஒத்துப்போகாத நிர்வாகமும் சங்கமும் இந்த எண்ணை மட்டும் அநேகமாக மறுப்பதில்லை. 5க்கு 4 கொடுக்கலாம். மீதி ஒன்று எங்கே போனது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். இதனால் வரும் தகராறுகளில் பாதிக்கு மேல் எண்ணின் குற்றமே அல்ல, ஒப்பந்தம் எழுதியவர் குற்றம்.

முதலில் இதன் உபயோகம். பஞ்சப்படி, அதாவது விலைவாசி ஏற ஏறச் சம்பளத்தோடு கூட்டித் தரும் படி, குறியீட்டெண்ணோடு கட்டப்பட்டிருந்தால், அடுத்த மூன்று வருடம் விலைவாசி எவ்வளவு ஏறும் என்று இரு தரப்பும் ஜோசியம் பார்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. ஏறியதைப் பஞ்சப்படி பார்த்துக்கொள்ளும். உற்பத்தி எவ்வளவு கூடியது, அதில் யாருக்கு எவ்வளவு என்பதுதான் மேசையில் மிஞ்சும். பஞ்சப்படியே இல்லாமல் மூன்று வருடத்துக்கு ஒரே தொகை பேசி, முதல் வருடம் பெரும்பகுதியும் மீதியைப் பிரித்தும் வாங்கும் இடங்கள் உண்டு. அங்கே விலை எதிர்பார்த்ததற்கு மேல் எகிறினால் அடி முழுக்கத் தொழிலாளிக்கு.

இனி கோளாறுகள். தற்போதைய வரிசையின் அடிப்படை 2016=100, அதாவது 2016 விலையை 100 என்று வைத்துப் போடும் கணக்கு. பழைய ஒப்பந்தங்கள் பல 2001=100 புள்ளியில் இருக்கின்றன, சில 1960லேயே நிற்கின்றன. 2016 எண்ணை 2.88ஆல் பெருக்கினால் 2001 எண், அதை 4.63ஆல் பெருக்கினால் 1982 எண், அதையும் 4.93ஆல் பெருக்கினால் 1960 எண். இவை அகில இந்திய எண்ணுக்கான இணைப்புக் காரணிகள். ஒவ்வொரு ஊருக்கும் தனிக் காரணி உண்டு. சென்னை எண்ணைப் பிடித்துக்கொண்டு 2.88 போட்டால் கணக்கு மொத்தமும் தப்பு.

2023 ஜூலையை எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி விலை தலைக்கேறிய மாதம். ஜூனில் 136.4 ஆக இருந்த குறியீடு ஒரே மாதத்தில் 139.7. ஒப்பந்தத்தில் ‘2001 வரிசையில் புள்ளிக்கு 5 ரூபாய்’ என்று இருந்தால் 3.3ஐ 2.88ஆல் பெருக்கி 9.504 புள்ளி, அதாவது 47.52 ரூபாய். மாற்றாமல் அப்படியே போட்டால் 16.50. தலைக்கு 31.02 ரூபாய் வித்தியாசம். 400 பேர் ஆலையில் மாதம் 12,408 ரூபாய்.

அதோடு முடியவில்லை. பெருக்கினால் வருவது 392.832, 402.336. பழைய வரிசையில் அகில இந்திய எண் முழு எண்ணாகத்தான் வரும். பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோனால் 393, 402: ஏற்றம் 9 புள்ளி. தசமத்தை வெட்டினால் 392, 402: ஏற்றம் 10 புள்ளி. எந்த முறை என்று ஷரத்தில் இல்லாவிட்டால் யார் கணக்குப் போடுகிறாரோ அவர் முறைதான் சட்டம்.

புள்ளிக்கு 5 ரூபாய் போதுமா? சோதிக்க ஒரு வகுத்தல் போதும்: மொத்தச் சம்பளத்தை அன்றைய குறியீட்டால் வகுக்க வேண்டும். 15,000 ரூபாயை 392.8ஆல் வகுத்தால் 38.19. விலை ஏற்றத்தை முழுசாக ஈடுகட்ட புள்ளிக்கு அவ்வளவு வேண்டும், 5 ரூபாய் என்பது அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாருக்கும் ஒரே ரூபாய் என்பது சங்கக் கூட்டத்தில் கைதட்டு வாங்கும். ஆனால் வருடம் ஆக ஆக மூத்த பிட்டருக்கும் புது ஹெல்ப்பருக்கும் உள்ள சம்பள விகிதம் சுருங்கும். பிறகு திறமைசாலிகள் வேறு ஆலை பார்க்கிறார்கள் என்று நிர்வாகமே புலம்பும். சதவீதத்தில் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை, செலவு கூடும்.

அந்தச் செலவையும் முழுசாகப் பார்க்க வேண்டும். பஞ்சப்படியில் 100 ரூபாய் ஏறினால் பி.எஃப். பங்கு 12 ரூபாய் (15,000 உச்சவரம்போடு நிறுத்தாத இடங்களில்), கிராஜுவிட்டிக்கு ஏறக்குறைய 4.81. ஓவர்டைமும் கூடவே ஏறும். நிர்வாகம் ‘அலவன்ஸ்’ என்று தனிப்பெயரில் கொடுக்கத் துடிப்பது ஏன் என்று இப்போது புரியும்.

ஒற்றை மாத எண்ணில் கட்டுவது இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. 2023 ஜூலை 139.7, ஆகஸ்ட் 139.2, செப்டம்பர் 137.5. மூன்று மாதச் சராசரி 138.8. தக்காளி இறங்கினால் பஞ்சப்படியும் இறங்கும் என்பதை ஷரத்தில் எழுதாமல் விட்டு அப்புறம் மல்லுக்கட்டுவதைவிடச் சராசரி மேல். வங்கி ஊழியர்களின் 12வது இருதரப்பு ஒப்பந்தம் இந்த வகையில் சுத்தமான வேலை. மூன்று மாதச் சராசரியில் 123.03ஐக் கழித்தால் வருவதே சதவீதம். 2024 ஜனவரி 138.9, பிப்ரவரி 139.2, மார்ச் 138.9, சராசரி 139.0, மே முதல் ஜூலை வரை 15.97 சதவீதம். கால்குலேட்டர் இல்லாத தொழிலாளிகூடச் சரிபார்க்கலாம்.

போன அந்த ஒரு மார்க்: வீட்டு வாடகை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது, எனவே ஜனவரி, ஜூலை எண்களில் ஒரு குதிப்பு வரலாம். உணவு, பானங்களின் எடை, அதாவது நூற்றுக்கு அவற்றின் பங்கு, 2001 வரிசையில் 46.2 ஆக இருந்தது, இப்போது 39.17. சம்பளத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கே கொடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டு நிலவரத்தை இந்த எண் குறைத்துத்தான் காட்டும்.

ஷரத்து எழுதும்போது எந்த வரிசை, எந்த ஊர், எத்தனை மாதச் சராசரி, தசமம் எத்தனை இடம், இறங்கினால் குறையுமா, எந்த மாதச் சம்பளத்தில் சேரும் என்று ஒவ்வொன்றையும் எழுதி, கீழே உண்மையான மூன்று மாத எண்களோடு ஒரு மாதிரிக் கணக்கும் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அடிப்படை ஆண்டு மாறினால் லேபர் பீரோ அறிவிக்கும் இணைப்புக் காரணியே செல்லும் என்ற வரியையும் மறக்கக் கூடாது. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வரிசை மாறும்.